எலும்புக்குள் ஒற்றன் விடுத்தவர்

எலும்பை உடலைத் தாங்கும் வெறுந்தூண் என எண்ணுவோர் பலர். அது ஓயாது அழிந்தும் புதுப்பிறவி எடுத்தும் வரும் உயிர்ப்பொருள் எனச் சோதனையால் தெளிவாக்கியவர் ஜார்ஜ் டி ஹெவெசி.

ஹங்கேரியின் புடாபெஸ்டு நகரில் 1885-இல் பிறந்த இவர், 1911-இல் மான்செஸ்டரில் ரதர்ஃபோர்டிடம் பணியாற்றினார். ஈயத்தில் கலந்திருந்த ரேடியம்-டி என்னும் கதிரியக்கப் பொருளைப் பிரித்துத் தருமாறு ஆசிரியர் பணித்தார். நெடுநாள் முயன்றும் இயலவில்லை. ஏனெனில் அதுவும் ஈயத்தின் ஒரு வகையே. பிரியாததாயின், ஈயம் செல்லும் வழியெல்லாம் அதுவும் உடன் செல்லுமன்றோ? அதையே ஒற்றனாக்கினார் ஹெவெசி. தோல்வி கருவியாயிற்று.

1935-இல் கோபன்ஹேகனில், கதிரியக்கப் பாஸ்பரஸை எலிகளுக்குக் கொடுத்தார். அது எலும்பில் சேர்ந்து, பின் சிறிது சிறிதாக வெளியேறக் கண்டார். எலும்பின் உயிர்ப்பு புலனாயிற்று. 1943-ஆம் ஆண்டின் வேதியியல் நோபெல் பரிசு இவருக்கு வாய்த்தது. அதே ஆண்டில் நாஜிகளுக்குத் தப்பி ஸ்வீடன் சேர்ந்தார், 1966-இல் மறைந்தார்.

கிருமி புகுந்த எலும்பு விரைந்து மாறும். ஆங்கே கதிரியக்க ஒற்றன் மிகுதியாகக் குவியும். எக்ஸ்ரே படத்தில் நோய் தெரியப் பத்து நாளுக்கு மேலும் ஆகலாம். காமா காமிரா முன்னரே காட்டிவிடும். அன்று எலியைக் கொன்றே எலும்பை அளந்தனர். இன்று மருந்தின் பயனறிய, நோயுற்ற ஒரே முயலை உயிருடன் வாரந்தோறும் படமெடுக்கின்றனர். ஒற்றன் மாறினான்; வழி ஹெவெசி காட்டியதே.