வாள் ஆசிரியர் அளந்த வட்டம்

விட்டத்தை 22-ஆல் பெருக்கி 7-ஆல் வகுத்தால் வட்டத்தின் சுற்றளவு கிடைக்கும் என்பது நம் வீட்டுப் பிள்ளைகள் பள்ளியிலேயே கற்றுக்கொண்டுவிடும் கணக்கு. காலனித் தண்ணீர்த் தொட்டிக்குத் தகடு வெட்டும் தொழிலாளிக்கும் இதற்கு மேல் நுட்பம் வேண்டுவதில்லை. அவ்வாறிருக்க, அந்த விகிதத்தைப் புள்ளிக்குப் பின் 35 இலக்கங்கள் வரை கணித்தறிவதில் தம் வாழ்நாளின் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒருவர் உண்டென்றால் அவரைப் பித்தர் என்று எண்ணுவோரும் இருக்கலாம். சென்ற விடுமுறையில் நம் குடியிருப்பைச் சேர்ந்த சிறுமி ஒருத்தி பை என்னும் அவ்வெண்ணின் நூறு இலக்கங்களைத் தடையின்றி ஒப்பித்துக் கைதட்டல் பெற்றாள். அருகில் இருந்த பெரியவர் ஒருவர், இதனால் யாருக்கு என்ன பயன் என்று என்னைக் கேட்டார். தக்க விடை அப்போது என்னிடம் இல்லை. பின்னர் அதைத் தேடப் புகுந்தபோது கைக்கு அகப்பட்டதே லூடால்ஃப் வான் கோய்லன் என்பாரின் வரலாறு.

ஜெர்மனியைச் சேர்ந்த ஹில்டஸ்ஹைம் நகரில் 1540-ஆம் ஆண்டு ஜனவரி 28-ஆம் நாள் அவர் பிறந்தார். வான் கோய்லன் என்னும் குடும்பப் பெயருக்குக் கொலோன் நகரத்தார் என்பது பொருள். தந்தை சிறு வணிகர், பிள்ளைகளோ பலர். ஆகையால் மகனைப் பல்கலைக்கழகத்துக்கு அனுப்பப் பொருள் இல்லை. இக்குறை சிறியதன்று. அக்காலத்து ஐரோப்பாவில் கற்றோர் மொழி லத்தீனே. கணிதமும் வானநூலும் மருத்துவமும் லத்தீனில் இருந்தன. அவற்றின் மூலங்கள் கிரேக்கத்தில் இருந்தன. இவ்விரண்டும் அறியாதவன் எத்துணைக் கூர்மதி படைத்தவனாயினும் கல்விக்கூடத்தின் திண்ணையில் நிற்க வேண்டியவனே. லூடால்ஃபுக்கு இவ்விரண்டில் ஒன்றும் தெரியாது.

தந்தை இறந்தபின் அவர் ஊர்விட்டுப் புறப்பட்டார். வடகிழக்கே லிவோனியா நாட்டுக்குச் சென்றார். பிறகு தமையனைக் காண ஆண்ட்வெர்ப்புக்கு வந்தார். முடிவில் ஹாலந்தைச் சேர்ந்த டெல்ஃப்ட் நகரில் குடியேறினார். ஸ்பெயின் மன்னரின் ஆட்சியை எதிர்த்து ஒல்லாந்தர் போராடிக்கொண்டிருந்த காலம் அது. அயலூரில் பிழைக்க வந்தவருக்குக் கைத்தொழில் ஒன்று வேண்டுமல்லவா? அவரிடம் இரண்டு இருந்தன. இளைஞர்களுக்கு வாள் வீசக் கற்பித்தார். வணிகர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தார். இன்று இவ்விரண்டும் பொருந்தாத் தொழில்களாகத் தோன்றினும், போரும் வாணிகமும் ஒருங்கே நடந்த அந்நாட்டில் இரண்டுக்குமே மாணவர் கிடைத்தனர். டெல்ஃப்டில் 1580-ஆம் ஆண்டில் அவர் வாட்பயிற்சிக் கூடம் ஒன்றைத் தொடங்கினார்.

வட்டத்தின் பக்கம் அவர் கவனம் திரும்பியதில் ஒரு வழக்குக்கும் பங்குண்டு. 1584-இல் சைமன் வான் டெர் ஐக் என்பார் வட்டத்தின் கணக்கைத் தாம் தீர்த்துவிட்டதாக அறிவித்தார். அவர் கூறிய விகிதம் 1521-ஐ 484-ஆல் வகுத்தால் வருவது. அதாவது ஏறத்தாழ 3.14256. இது பிழை என்பது இன்று நமக்கு உடனே புலப்படும். அன்றைய நிலை வேறு. வட்ட விகிதம் 223/71 என்பதைவிடப் பெரியது, 22/7 என்பதைவிடச் சிறியது என்று ஆர்க்கிமிடீஸ் முன்னமே நிறுவியிருந்தார். ஐக் கூறிய எண் அவ்விரண்டுக்கும் இடையில் ஒழுங்காகவே அமர்ந்திருந்தது. ஆகவே ஆர்க்கிமிடீஸின் கணக்கைக் கொண்டு அவரை மறுக்க இயலாது. மறுக்க வேண்டுமானால் இன்னும் சில இலக்கங்கள் நுட்பமாகச் சென்றே ஆகவேண்டும். பெரியவர் கேட்ட கேள்விக்கு முதல் விடை இங்கே இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. பொய்யும் மெய்யும் நெருங்கி நிற்கும்போது அவற்றைப் பிரித்துக் காட்டக் கூரிய அளவுகோல் வேண்டியிருக்கிறது. 1585-ஆம் ஆண்டிலும் அதற்கடுத்த ஆண்டிலும் சிறு நூல்கள் வெளியிட்டு வான் கோய்லன் அக்கூற்றைத் தகர்த்தார்.

ஆர்க்கிமிடீஸின் முறையை அவர் அறிந்துகொண்டதும் ஒரு நல்ல செய்தி. கிரேக்கமோ லத்தீனோ அறியாத இந்த நண்பருக்காக, பிற்பாடு டெல்ஃப்டின் நகரத் தலைவராக இருந்த யான் டெ க்ரோட் அந்நூலை டச்சு மொழியில் பெயர்த்துக் கொடுத்தார். சர்வதேசச் சட்டத்தின் தந்தையரில் ஒருவராகப் போற்றப்படும் க்ரோஷியஸ் இவருடைய புதல்வரே. ஒரு நண்பர் செய்த மொழிபெயர்ப்பு இல்லையேல் ஒரு கணித மேதை வாள் ஆசிரியராகவே மறைந்திருப்பார்.

முறை எளிதில் விளங்கக்கூடியதே. வட்டத்துக்குள் ஒரு பலகோணத்தையும் வட்டத்தைச் சூழ மற்றொன்றையும் வரைகிறோம். வட்டத்தின் சுற்றளவு உள்ளிருப்பதைவிடப் பெரிது, வெளியிருப்பதைவிடச் சிறிது. பக்கங்களை இரட்டிக்க இரட்டிக்க இரு பலகோணங்களும் வட்டத்தை நெருங்கும். ஆர்க்கிமிடீஸ் 96 பக்கங்களோடு நின்றார். அதை ஒருமுறை இரட்டித்து 192 பக்கங்கள் ஆக்கினாலே வெளிப் பலகோணத்தின் அளவு 3.1419-க்குக் குறைந்துவிடும், ஐக் கூறிய எண் வட்டத்துக்கு வெளியே போய்விடும். சொல்வது எளிது. ஆனால் இரட்டிக்கும் ஒவ்வொரு முறையும் வர்க்கமூலம் காண வேண்டும். அந்த மூலத்துக்குள் முந்திய மூலமும், அதற்குள் அதற்கு முந்தியதும் அடங்கியிருக்கும். முடிவில் வேண்டும் இலக்கங்களைப்போல இருமடங்கு இலக்கங்களை இடையில் சுமந்து சென்றாலன்றி விடை கரைந்துவிடும். எங்கேனும் ஓர் இலக்கம் பிழைத்தால் அதன்பின் செய்த உழைப்பெல்லாம் வீண். கருவி ஏதும் இல்லை. மடக்கை வாய்பாடும் அன்று பிறக்கவில்லை. காகிதமும் இறகுப் பேனாவும் பொறுமையுமே துணை.

1594-இல் அவர் லைடன் நகருக்குப் பெயர்ந்தார். அங்கே பழைய தேவாலயம் ஒன்றைப் பல்கலைக்கழகம் தன் பயனுக்கு எடுத்துக்கொண்டிருந்தது. மேல் தளத்தில் நூலகம், ஒரு பகுதியில் உடற்கூற்று அரங்கம், கீழ்த்தளத்தில் வான் கோய்லனின் வாட்கூடம். மேலே பேரறிஞர்கள் ஏடு புரட்ட, கீழே இளைஞர்கள் வாள் மோதும் ஓசை எழுந்துகொண்டிருக்கும். அந்நகரின் பேரறிஞருள் தலைசிறந்தவர் ஜோசஃப் ஸ்காலிஜர். பண்டை மொழிகளிலும் கால ஆராய்ச்சியிலும் ஐரோப்பாவில் அவருக்கு இணை இல்லை என்று அன்று மதிக்கப்பட்டவர். லூடால்ஃப் வந்த அதே ஆண்டில் ஸ்காலிஜர் வட்டத்தைப் பற்றி லத்தீனில் ஒரு நூல் வெளியிட்டார். சுற்றளவு விட்டத்தைப்போல் பத்தின் வர்க்கமூல மடங்கு, அதாவது 3.162 மடங்கு என்பது அவர் முடிவு. நம் நாட்டில் பிரம்மகுப்தரும் அவ்வெண்ணை எடுத்தாண்டது உண்டு. ஓரளவான கணக்குக்கு அது போதும். ஆனால் இதுவே முற்ற முடிந்த உண்மை என்று நிறுவப் புகுந்ததுதான் ஸ்காலிஜர் செய்த பிழை. அவ்வெண் 22/7-ஐவிடப் பெரிது. அதை ஒப்புக்கொண்டால் வட்டத்தைச் சூழ்ந்து நிற்கும் 96 பக்கக் கோணத்தைவிட உள்ளே இருக்கும் வட்டம் நீளமானது என்றாகும். பானை அதை மூடிய கூடையைவிடப் பெரிது என்பதைப் போன்றது இது.

வான் கோய்லனின் நிலையை எண்ணிப் பாருங்கள். பிறந்த நாடு வேறு; பட்டம் இல்லை; அறிஞரின் மொழி தெரியாது; பிழைப்போ அதே கட்டிடத்தின் கீழ்த்தளத்தில். பிழை செய்தவரோ பல்கலைக்கழகத்தின் அணிகலன். அவர் முதலில் ஊரறியக் கூச்சலிடவில்லை. நண்பர்கள் வாயிலாகச் செய்தி அனுப்பி, நூலைத் திருத்திக்கொள்ளும்படி வேண்டினார். வாள் சுழற்றுபவர் ஒருவர் தமக்குக் கணிதம் உரைப்பதை ஸ்காலிஜர் பொருட்படுத்தவில்லை. அதன் பின்னரே, 1596-இல் தாம் டச்சு மொழியில் வெளியிட்ட வட்டத்தைப் பற்றி என்னும் பெருநூலில் அக்கூற்றை லூடால்ஃப் மறுத்தார். அப்போதும் பெயர் சுட்டவில்லை. பணிவா, அச்சமா என்று அறுதியிட இயலாது, இரண்டும் கலந்திருக்கலாம். கணக்கு மட்டும் தயங்கவில்லை.

அந்நூலில் 32,21,22,54,720 பக்கங்கள் கொண்ட பலகோணத்தை எடுத்துக்கொண்டு 20 இலக்கங்கள் வரை விகிதத்தைக் கண்டிருந்தார். மூன்றாண்டுகளுக்கு முன் ஆட்ரியான் வான் ரோமன் 15 இலக்கங்கள் வரையே சென்றிருந்தார். அதே நூலின் இறுதியில் வட்டிக் கணக்கு வாய்பாடுகள் இருப்பது காண ஒரு புன்னகை எழுகிறது. வானளாவும் கணக்கைச் செய்தவர் கடைவீதியின் கணக்கையும் மறக்கவில்லை.

1600-ஆம் ஆண்டு அவர் வாழ்வில் பெருந்திருப்பம். கோட்டை கட்டவும் நிலம் அளக்கவும் வல்ல பொறியாளர் தேவை என்று கருதிய மாரிஸ் இளவரசரின் விருப்பப்படி லைடனில் ஒரு கல்விக்கூடம் தோன்றியது. அதன் பாடத்திட்டத்தை வகுத்தவர் சைமன் ஸ்டெவின். அங்கே பாடமொழி லத்தீனன்று, மக்கள் பேசும் டச்சு. களத்தில் வேலை செய்யப்போகிறவனுக்குக் களத்து மொழியில்தான் கற்பிக்க வேண்டும் என்பது கொள்கை. அப்பணிக்கு அமர்த்தப்பட்ட ஆசிரியர் இருவருள் ஒருவர் வான் கோய்லன். எந்தக் குறை அறுபதாண்டுகள் அவரைத் திண்ணையில் நிறுத்தியதோ, அது அங்கே குறையாகவே கருதப்படவில்லை.

ஆசிரியப் பணிக்கிடையே கணக்கு தொடர்ந்தது. சதுரத்தில் தொடங்கி அறுபது முறை இரட்டித்தால் வரும் 46,11,68,60,18,42,73,87,904 பக்கங்கள் கொண்ட பலகோணம் வரை அவர் சென்றதாகக் கணித வரலாறுகள் கூறும். 35 இலக்கங்கள் கைகூடின. ஆனால் அவற்றை அச்சில் காணும் பேறு அவருக்கு இல்லை. 1610-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள் லைடனில் அவர் காலமானார்.

ஏடுகள் பெட்டியில் உறங்கிவிடாமல் காத்தவர் அவர் மனைவி ஆட்ரியானா. முதல் மனைவி இறந்தபின் 1590-இல் அவர் மணந்துகொண்ட கைம்பெண் இவர். இரு குடும்பத்துப் பிள்ளைகளையும் ஒரே கூரையின்கீழ் வளர்த்த அந்த அம்மையார், கணவர் எழுதிவைத்ததை 1615-இல் நூலாக வெளிக்கொணர்ந்தார். மாணவர் ஸ்நெல் அதை லத்தீனில் பெயர்த்தார். ஆசிரியரால் நுழைய முடியாத மொழிக்குள் மாணவர் அவரை அழைத்துச் சென்றார். 35 இலக்கங்களும் ஸ்நெல்லின் 1621-ஆம் ஆண்டு நூலில் அச்சேறின.

அதே நூலில் ஸ்நெல் ஒரு குறுக்குவழியையும் கண்டிருந்தார். ஆர்க்கிமிடீஸுக்கு 2 இலக்கங்களே அளித்த 96 பக்கக் கோணம் இவருக்கு 6 இலக்கங்கள் அளித்தது. ஆசிரியர் அறுபது முறை இரட்டித்துக் கண்டதை இவர் நூறு கோடிக்குச் சற்று மேற்பட்ட பக்கங்களைக் கொண்டே பெரும்பாலும் எட்டிவிட்டார். புது வழி சரியானதா என்று ஐயமறக் காட்ட அவருக்கு ஒரு சான்று வேண்டியிருந்தது. அது ஆசிரியர் விட்டுச்சென்ற இலக்கங்களே.

இந்தப் பயன் இன்றளவும் தொடர்கிறது. 1914-இல் நம் இராமானுஜன் இவ்வெண்ணைக் காணும் வியத்தகு சூத்திரங்களை வெளியிட்டார். 1985-இல் அமெரிக்கரான காஸ்பர் அவற்றுள் ஒன்றைக் கணிப்பொறியில் இட்டு ஒரு கோடியே எழுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட இலக்கங்கள் கண்டார். அச்சூத்திரத்துக்கு அப்போது முழு நிரூபணம் வெளிவந்திருக்கவில்லை. முன்பே வேறு வழியில் கண்ட இலக்கங்களோடு அவை ஒத்து நின்றதே அதன் மெய்ம்மைக்கு வலுவான அடையாளமாயிற்று. மறு ஆண்டில் டேவிட் பெய்லி என்பார் கிரே-2 என்னும் மாபெரும் கணிப்பொறியில் இரண்டு கோடியே தொண்ணூற்று மூன்று இலட்சம் இலக்கங்களைக் கணித்தபோது, அவ்வகைப் பொறி ஒன்றன் உறுப்புகளில் மறைந்திருந்த கோளாறுகள் வெளிப்பட்டன. ஓர் இலக்கம் பிழைத்தாலும் காட்டிக்கொடுக்கும் கணக்கு இதுவாதலால் புதுப் பொறிகளைச் சோதிக்க இது உரைகல்லாக உதவியது. 2022-இல் இலக்கங்கள் 100 இலட்சம் கோடியைத் தொட்டன.

அளவைக்கு இத்தனையும் வேண்டுமா என்றால், வேண்டா. பூமியின் விட்டம் தெரிந்தால், 10 இலக்கங்களைக் கொண்டே அதன் சுற்றளவை ஒரு மில்லிமீட்டர் அளவுப் பிழைக்குள் கூறிவிடலாம். கோள்களிடைப் பயணத்துக்கு அமெரிக்க விண்வெளி நிலையத்தார் கையாள்வது 15 இலக்கங்கள். லூடால்ஃபின் 35 இலக்கங்களைக் கொண்டு, காணக்கூடிய பிரபஞ்சம் முழுவதையும் வளைக்கும் ஒரு வட்டத்தை அளந்தாலும் பிழை தலைமயிரின் தடிமனில் பதினாயிரத்தில் ஒரு பங்கும் வராது. வில்லியம் ஷாங்க்ஸ் என்னும் ஆங்கிலப் பள்ளி ஆசிரியர் 1873-இல் 707 இலக்கங்களை வெளியிட்டார். அவற்றில் 528-ஆம் இலக்கம் முதல் எல்லாம் தவறு என்பதை எழுபதாண்டுகளுக்கு மேல் எவரும் கண்டறியவில்லை. அவற்றை நம்பிக் கட்டிய பாலம் எதுவும் விழவும் இல்லை. பெரியவரிடம் இதையும் மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

இவ்வெண்ணின் இலக்கங்கள் முடிவதோ மீள்வதோ இல்லை என்பதை 1761-இல் லாம்பர்ட் நிறுவினார். அதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்னர் வாழ்ந்த லூடால்ஃபுக்கு அது தெரிய வழியில்லை. அடுத்த இரட்டிப்பில் ஏதேனும் ஓர் ஒழுங்கு தலைகாட்டக்கூடும் என்று அவர் எதிர்பார்த்திருக்கலாம். அவருக்கு இரு நூற்றாண்டுகள் முன்பே கேரளத்துச் சங்கமக்கிராம மாதவர் பலகோணங்களை விட்டு முடிவிலாத் தொடர்களால் 11 இலக்கங்கள் கண்டிருந்ததும் ஹாலந்தில் எவரும் அறியாதது. ஐரோப்பாவில் அவ்வழி பிறந்தபின் பலகோணங்களை எவரும் நாடவில்லை. 1706-இல் மேச்சின் 100 இலக்கங்களை எட்டிவிட்டார். ஆயினும் ஜெர்மானியர் அவ்வெண்ணை லூடால்ஃபின் எண் என்றே நெடுங்காலம் அழைத்தனர். பிறந்த நாடு அவரை இவ்வாறு நினைவில் வைத்தது.

குடியேறிய நாடு கல்லில் வைத்தது. லைடனில் புனித பேதுரு ஆலயத்தில் அவர் துயிலும் இடத்தில் நட்ட கல்லில், விகிதம் 3.14159265358979323846264338327950288 என்பதற்கு மேலும், கடைசி 8-க்குப் பதில் 9 கொண்ட எண்ணுக்குக் கீழும் இருப்பதாகப் பொறித்திருந்தனர். காலப்போக்கில் அக்கல் காணாமற்போயிற்று. நகரைப் பற்றிய பழைய நூலொன்றில் எழுத்துகள் மட்டும் எஞ்சியிருந்தன. அவற்றைப் பார்த்துப் புதிய கல் ஒன்று செதுக்கி, 2000-ஆம் ஆண்டு ஜூலை 5-ஆம் நாள் அதே ஆலயத்தில் நிறுவினர்.