பத்து கோல்களில் கற்ற பாடம்

ஞாயிற்றுக்கிழமை காலை நடைப்பயிற்சிக்குச் செல்லும்போது, நொய்யல் கரையை ஒட்டிய வெற்று மைதானம் ஒன்றில் இளைஞர்கள் சிலர் கால்பந்து ஆடுவதைப் பார்க்கிறேன். மணிப்பூர், அஸ்ஸாம், ஜார்க்கண்ட் என்று பல மாநிலங்களிலிருந்து வந்து எங்கள் திருப்பூரின் பின்னலாடை நிறுவனங்களில் வேலை செய்பவர்கள் அவர்கள். சிலர் காலணியோடும் சிலர் வெறுங்காலோடும் ஆடுகிறார்கள். வெறுங்காலோடு ஓடும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம், ஐதராபாதைச் சேர்ந்த ஒரு பள்ளி ஆசிரியர் என் நினைவுக்கு வருகிறார். அவர் பெயர் சையது அப்துல் ரஹீம்.

2024-ஆம் ஆண்டு வெளியான 'மைதான்' திரைப்படத்துக்குப் பிறகு இன்றைய தலைமுறையும் அவர் பெயரை அறிந்திருக்கிறது. திரைப்படம் அவருடைய வெற்றியைக் கொண்டாடியது. பொருளாதாரம் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கு அவருடைய தோல்விதான் பெரிதாகத் தெரிகிறது. கீழ்த்தட்டிலிருந்து மேல்தட்டுக்கு ஏறியவன் அங்கே நிலைத்து நிற்பது எப்படி என்ற கேள்விக்கு, தன் வாழ்நாள் உழைப்பால் விடை எழுதியவர் அவர்.

இது கால்பந்து உலகின் பழைய கேள்வி. இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கில் ஆண்டுதோறும் மூன்று அணிகள் இரண்டாம் பிரிவிலிருந்து ஏறி வருகின்றன. 2023-24-இல் அவ்வாறு வந்த லூட்டன், பர்ன்லி, ஷெஃபீல்டு யுனைடெட் ஆகிய மூன்றும் அதே ஆண்டில் இறங்கிவிட்டன. அடுத்த ஆண்டு வந்த லெஸ்டர், இப்ஸ்விச், சவுத்தாம்ப்டன் அணிகளுக்கும் அதே கதிதான். நம் நாட்டில், 2024-25-இல் இந்தியன் சூப்பர் லீக்குக்கு உயர்ந்த கொல்கத்தாவின் முகமதன் ஸ்போர்ட்டிங் அணி பட்டியலில் கடைசி இடத்தைப் பெற்றது. ஆனால், அதே முகமதன் ஸ்போர்ட்டிங், 1934-இல் கல்கத்தா லீக்கின் முதல் பிரிவுக்கு உயர்ந்த அந்த முதல் ஆண்டிலேயே கோப்பையை வென்றது. 1938 வரை தொடர்ந்து ஐந்து முறை வென்றது. ஆக, ஏறியவர்கள் இறங்கியே தீர வேண்டும் என்ற விதி எதுவும் இல்லை. இடையில் இருப்பது தயாரிப்பு.

ரஹீம் 1909 ஆகஸ்ட் 17-இல் ஐதராபாதில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் பெற்று ஆசிரியரானார். பின்னர் உடற்கல்வியில் பட்டயமும் பெற்றார். தானும் கால்பந்து ஆடியவர்தான் என்றாலும், ஆட்டக்காரராக அவர் பெரும்புகழ் பெறவில்லை. 1943-இல் ஐதராபாத் கால்பந்து சங்கத்தின் செயலாளர் பொறுப்பு அவருக்கு வந்தது. அந்தப் பொறுப்பை அவர் வகுப்பறையின் நீட்சியாகவே கருதினார் என்று தோன்றுகிறது.

அவர் நடத்திய உள்ளூர்ப் போட்டிகள் விசித்திரமானவை. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு எதிராளிகளை ஏய்த்துச் செல்வதைத் தடை செய்து ஒரு போட்டி. பழக்கமில்லாத காலால் மட்டுமே பந்தை உதைக்க வேண்டும் என்று இன்னொரு போட்டி. தனி ஒருவனின் சாகசத்தைக் கண்டு கைதட்டிப் பழகிய ரசிகர்களுக்கு இவை சலிப்பூட்டியிருக்கலாம். ஆனால், ஒரு தலைமுறை ஆட்டக்காரர்கள் பந்தை விரைவாகக் கைமாற்றவும் இரு கால்களாலும் ஆடவும் இப்படித்தான் பழகினார்கள். பலவீனத்தை மறைத்து வைக்காமல், அதைப் பாடத்திட்டத்தின் முதல் பக்கத்தில் வைத்தார் அந்த ஆசிரியர்.

பலன் விரைவில் தெரிந்தது. அவர் பயிற்சி அளித்த ஐதராபாத் நகரக் காவல் அணி, 1950-இல் டூராண்ட் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் மோகன் பகானை வென்றது. பம்பாயின் ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரை தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் கைப்பற்றியது. கல்கத்தாவே கால்பந்தின் தலைநகரம் என்றிருந்த காலத்தில், தக்காணத்தின் ஒரு காவல்துறை அணி இதைச் சாதித்தது.

இதற்கு அவர் செய்த முதலீடு எவ்வளவு? துளசிதாஸ் பலராம் என்ற இளைஞரின் கதை போதும். செகந்திராபாதை அடுத்த அம்முகுடாவில் ஓர் ஏழைத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர் அவர். பயிற்சிக்கு ஐதராபாத் வரை வந்து போகக் கையில் காசில்லை. வாடகை மிதிவண்டிக்கான பணத்தை ரஹீமே தந்து அவரை வரவழைத்தார். அந்த இளைஞர் பின்னாளில் மெல்போர்ன், ரோம் ஆகிய இரு ஒலிம்பிக் போட்டிகளில் ஆடினார். ரோமில் ஹங்கேரிக்கு எதிராக கோல் அடித்தார். முதலீடு, வருவாய் என்று ஆண்டுக்கணக்கில் வகுப்பெடுத்த எனக்கு, இதைவிடச் சிறந்த எடுத்துக்காட்டு கிடைத்ததில்லை.

1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டுப் போட்டியில் இந்தியா ஈரானை 1-0 என்று வென்று தங்கம் பெற்றது. பயிற்சியாளர் ரஹீம். ஆசியாவின் முதல்வர்களாகிவிட்டோம் என்ற பெருமையோடு, அடுத்த ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்குக்குச் சென்றது நம் அணி. முதல் ஆட்டம் யூகோஸ்லாவியாவுடன். நம்மவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு ஆடினர். பின்லாந்தின் குளிரில், காலணி அணிந்த வலிமையான எதிராளிகளிடம் 10-1 என்ற கணக்கில் தோற்றனர்.

இந்த இடத்தில் என் சொந்தக் கணக்கு ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். உள்ளூர் பனியன் தைத்துக்கொண்டிருந்த எங்கள் ஊர், 1970-களின் இறுதியில் ஏற்றுமதியில் காலடி வைத்தது. அதன் பிறகு சிறு பட்டறைக்காரர் ஒவ்வொருவரின் கனவும் மேல்பிரிவுக்கு ஏறுவதாகவே இருந்தது. 1990-களில் என் மைத்துனருக்கும் அந்த வாய்ப்பு வந்தது. இருபது தையல் இயந்திரங்களோடு உள்ளூர்ச் சரக்குத் தைத்துக்கொண்டிருந்தவர், முகவர் ஒருவர் மூலம் ஐரோப்பிய ஆர்டர் ஒன்றைப் பெற்றார். வீட்டில் படித்தவன் என்று என்னிடம் யோசனை கேட்டார். கடன் வட்டி, அந்நியச் செலாவணி மதிப்பு, லாப விகிதம் எல்லாவற்றையும் நான்கு தாள்களில் கணக்கிட்டு, தாராளமாக இறங்கலாம் என்று சொன்னேன். புதிய இயந்திரங்கள் வந்தன. துணியின் எடை சரியாக இருக்கிறதா, துவைத்தால் எவ்வளவு சுருங்கும், அளவுப் பட்டியலில் எத்தனை மில்லிமீட்டர் வரை விலகலாம் என்று பார்ப்பதற்கு மட்டும் பழகிய ஆள் இல்லை. செக்கிங் மேசையில் அமர்ந்தவர்கள் நேற்றுவரை உள்ளூர்ச் சரக்கைப் பார்த்தவர்கள். துவைத்த பின் அளவு குறைந்தது என்று சரக்கு மறுக்கப்பட்டது. இரண்டு ஆண்டுகளில் பட்டறை மூடப்பட்டது. மைத்துனர் இன்னொரு நிறுவனத்தில் மேற்பார்வையாளராகச் சேர்ந்தார். என்னை அவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. என் நான்கு தாள்களில் பயிற்சிக்கென்று ஒரு வரிகூட இல்லை என்பது எனக்குத் தெரியும்.

ஹெல்சிங்கித் தோல்விக்குப் பிறகு இந்தியக் கால்பந்து சம்மேளனம் காலணியைக் கட்டாயமாக்கியது. என் மைத்துனர் இயந்திரம் வாங்கியதைப் போன்றதுதான் இதுவும். காலணியை ஒரே நாளில் வாங்கிவிடலாம். காலணிக்குள் இருக்கும் கால் பழகுவதற்கு ஆண்டுகள் ஆகும். வெறுங்காலில் பந்தின் ஒவ்வோர் அசைவையும் உணர்ந்து ஆடியவன், காலணி அணிந்த முதல் சில மாதங்களில் முன்பைவிட மோசமாகவே ஆடுவான். புதிய தொழில்நுட்பத்துக்கு மாறும் எந்தத் தொழிலிலும் இந்த இடைக்கால இழப்பு உண்டு. அதைத் தாங்கும் பொறுமையும் அதற்கான கால அவகாசமும் இல்லாதவர்கள் பாதியிலேயே நொறுங்குகிறார்கள்.

ரஹீம் அந்த நான்கு ஆண்டுகளையும் வீணாக்கவில்லை. அப்போது ஹங்கேரி அணி, நடு முன்களத்தில் நிற்க வேண்டியவரைப் பின்னுக்கு இழுத்து, எதிரணித் தடுப்பாளர்களைக் குழப்பி உலகையே வியக்க வைத்தது. ரஹீம் அந்த முறையை நம் ஆட்டக்காரர்களின் இயல்புக்கு ஏற்ப அமைத்தார். உடல் வலிமையில் ஐரோப்பியரோடு போட்டியிட முடியாது. எனவே, குறுகிய கைமாற்றங்களால் பந்தை ஓட விட்டார். அவரவருக்கு ஓர் இடம், ஒரு வேலை என்று பகுத்தார். ஆடம் ஸ்மித் குண்டூசித் தொழிற்சாலையில் கண்ட வேலைப் பிரிவினையை, அவர் புல்தரையில் நடத்திக் காட்டினார்.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக். காலிறுதியில் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணில் 4-2 என்று இந்தியா வென்றது. நெவில் டிசோசா மூன்று கோல்கள் அடித்தார். ஒலிம்பிக் கால்பந்தில் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்ற பெருமை கிடைத்தது. அரையிறுதியில் எதிரே நின்றது அதே யூகோஸ்லாவியா. முதல் கோலை அடித்தது இந்தியா. பிறகு 4-1 என்று தோற்றோம். வெண்கலத்துக்கான ஆட்டத்தில் பல்கேரியாவிடமும் தோற்று நான்காம் இடம் பெற்றோம். பதக்கப் பட்டியலில் இது தெரியாது. ஆனால், ஒன்பது கோல் வித்தியாசம் நான்கே ஆண்டுகளில் மூன்றாகக் குறைந்தது. ரஹீமின் வாழ்க்கையில் என்னை மிகவும் கவர்ந்த புள்ளிவிவரம் இதுதான்.

1960-இல் ரோமில் ஹங்கேரியிடம் 2-1 என்ற குறைந்த வித்தியாசத்தில் தோற்று, பிரான்ஸுடன் 1-1 என்று சமன் செய்தது நம் அணி. பெருவுக்கு எதிராகத் தமிழ்நாட்டின் சைமன் சுந்தர்ராஜ் அடித்த கோல்தான், ஒலிம்பிக்கில் இந்தியா அடித்த கடைசி கோலாக இன்றுவரை நிற்கிறது.

1962-இல் ஜகார்த்தா ஆசியப் போட்டிக்குச் சென்றபோது ரஹீமின் உடலைப் புற்றுநோய் அரித்துக்கொண்டிருந்தது. முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோல்வி. தாய்லாந்துடனான ஆட்டத்தில் தடுப்பாட்டக்காரர் ஜர்னைல் சிங்கின் தலையில் காயம். தையல் போட வேண்டியதாயிற்று. இஸ்ரேல், தைவான் விளையாட்டு வீரர்கள் அனுமதிக்கப்படாததை இந்திய நிர்வாகி ஒருவர் எதிர்த்ததால், அரங்கமே நமக்குப் பகையாக இருந்தது. இறுதி ஆட்டத்தில் மீண்டும் தென் கொரியா. தலையில் கட்டோடு இருந்த ஜர்னைலை ரஹீம் முன்களத்தில் நிறுத்தினார். பி.கே. பானர்ஜி ஒரு கோல், ஜர்னைல் ஒரு கோல். கோல் காவலராக நின்றவர் பீட்டர் தங்கராஜ். 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. நெருக்கடியில் ஒருவரை வேறு இடத்துக்கு மாற்ற முடிந்ததென்றால், ஓர் இடத்தை மட்டும் அறிந்தவர்களாக அவர்களை வளர்க்கவில்லை என்று பொருள்.

ஒன்பது மாதங்கள் கழித்து, 1963 ஜூன் 11-இல் ரஹீம் காலமானார். வயது 53.

கதை இங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதியிருக்க மாட்டேன். 1964 ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம், 1970 ஆசியப் போட்டியில் வெண்கலம், அதோடு சரி. ரோமுக்குப் பிறகு எந்த ஒலிம்பிக் கால்பந்துக்கும் இந்தியா தகுதி பெறவில்லை. காரணங்கள் பல இருக்கலாம். முதன்மையான ஒன்று, ரஹீம் அறிந்திருந்தவை ரஹீமோடு போனதுதான். அவர் பழக்கிய ஆட்டக்காரர்கள் இருந்தார்கள். அவரைப் போலப் பழக்குபவர்களை உருவாக்கும் அமைப்பு இல்லை.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையும் அல்ல. ஆல்ஃப் ராம்சேயின் பயிற்சியில் சிறு நகர அணியான இப்ஸ்விச், முதல் பிரிவுக்கு ஏறிய முதல் ஆண்டான 1961-62-இலேயே இங்கிலாந்தின் சாம்பியன் ஆனது. 1963-இல் ராம்சே தேசிய அணிக்குப் போனார். 1964-இல் இப்ஸ்விச் கீழ்ப்பிரிவுக்கு இறங்கியது. தனிமனிதரால் ஏறலாம், அமைப்பால் மட்டுமே நிலைக்கலாம்.

எங்கள் ஊருக்கும் ஒரு ஹெல்சிங்கி வந்தது. 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோது, திருப்பூர் முடிந்தது என்றே பலர் கருதினர். கழிவுநீரைத் துளியும் ஆற்றில் விடாமல் சுத்திகரித்து மீண்டும் பயன்படுத்தும் முறையைப் பெரும் கடனுக்கும் சிரமத்துக்கும் இடையே ஊர் கூடிக் கற்றுக்கொண்டது. ஒருவர் போனாலும் அந்த அறிவு போகாது. ஏனெனில், அது பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களாகவும் அவற்றை இயக்கத் தெரிந்த தொழிலாளர்களாகவும் நிற்கிறது.

பிரிட்டனுடன் 2025 ஜூலையில் கையெழுத்தான வர்த்தக ஒப்பந்தம், சிறு நிறுவனங்கள் பலவற்றுக்கு மேல்பிரிவின் கதவைத் திறக்கக்கூடியது. அதே ஆண்டு அமெரிக்கா விதித்த கூடுதல் வரி, அந்தப் பிரிவில் ஆடுவது எவ்வளவு கடினம் என்பதையும் காட்டிவிட்டது. கடனும் மானியமும் பற்றி அரசும் சங்கங்களும் பேசுகின்றன. பேச வேண்டியதுதான். அவற்றோடு, உள்ளூர்ச் சரக்குத் தைக்கும் பட்டறைகளின் தரப் பரிசோதகர்களுக்கும் கட்டிங் மாஸ்டர்களுக்கும், முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே, ஊதியத்தோடு கூடிய பயிற்சிக்கு வழி செய்ய வேண்டும். முதல் ஆர்டரில் நட்டம் வந்தால் தாங்கிக்கொள்ள அவகாசம் தரும் கடன் விதிகளும் வேண்டும். இரண்டுக்கும் ஆகும் செலவு, ஒரு புதிய இயந்திரக் கூடத்தின் விலையோடு ஒப்பிட்டால், வாடகை மிதிவண்டிக்கான காசு போன்றதுதான்.

என் மைத்துனருக்கு இப்போது எழுபது வயது. சென்ற மாதம் எங்கள் தெருவில் புதிதாக ஏற்றுமதிக்குத் தயாராகும் இளைஞர் ஒருவர் என்னிடம் யோசனை கேட்டு வந்தார். நான் தாளும் பேனாவும் எடுக்கவில்லை. அவரை என் மைத்துனரிடம் அழைத்துச் சென்றேன். இருவரும் ஒரு பனியனை நனைத்துப் பிழிந்து, காய வைத்து, அளவு நாடாவைப் பிடித்து மாலை வரை அளந்துகொண்டிருந்தார்கள்.