தேரி நிலத்தில் ஒரு வாழிடம்: இராபர்ட் கால்டுவெல்லின் இடத்தேர்வும் புலமையும்

முன்னுரை

குளிர்நாட்டிலிருந்து வெப்பநாட்டுக்கு வாழ வருவோர்க்கு முதலில் எழும் வினா எங்குத் தங்குவது என்பதே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் தமிழகம் வந்த ஐரோப்பியர்க்குக் கடற்காற்று வீசும் சென்னையும் குளிர்ந்த நீலகிரியும் இயல்பான விடைகளாக இருந்தன. இராபர்ட் கால்டுவெல் (1814–1891) இவ்விரண்டையும் நேரில் அறிந்தவர். எனினும் தென்கோடியில் செம்மணல் தேரிக்கு நடுவே அமைந்த இடையன்குடியே அவர் ஊராயிற்று. ஒப்பிலக்கண ஆசிரியர் என்ற நிலையில் அவரைப் பற்றிய ஆய்வுகள் மிகுதி. அவர் வாழ்ந்த இடமோ வரலாற்றுக் குறிப்பாகவே நின்றுவிடுகிறது. அவ்வாழிடம் அவருடைய புலமைக்கு அளித்தது எது, அதன் பார்வைக்கு எட்டாமல் வைத்தது எது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சென்னையும் நடைப்பயணமும்

அயர்லாந்தில் அன்றிம் பகுதியிலுள்ள கிளாடி என்னும் சிற்றூரில் ஸ்காத்லாந்து மரபினரான பெற்றோர்க்கு 1814இல் கால்டுவெல் பிறந்தார். பத்தாம் வயதில் குடும்பம் கிளாஸ்கோவுக்குப் பெயர்ந்தது. அந்நகரப் பல்கலைக்கழகத்தில் கிரேக்கப் பேராசிரியர் சாண்ட்போர்டிடம் பயின்ற காலத்தில் மொழிகளை ஒப்பிட்டு நோக்கும் ஆர்வம் அவருக்கு உண்டாயிற்று. இலண்டன் மறைப்பணிக் கழகத்தின் பணியாளராக 1838 சனவரியில் சென்னை வந்து சேர்ந்தார். அங்கே மூன்றாண்டுகள் தங்கித் தமிழ் கற்றார்.

பின்னர் அவர் உள்ளம் ஆங்கிலிக்கத் திருச்சபையை நாடியது. நற்செய்திப் பரப்புக் கழகத்தில் சேர்ந்து, திருநெல்வேலிப் பணிக்கு 1841இல் சென்னையை விட்டுக் கால்நடையாகவே புறப்பட்டார். சிதம்பரம், மாயூரம், தரங்கம்பாடி, கும்பகோணம், தஞ்சாவூர், திருச்சிராப்பள்ளி ஆகிய ஊர்களைக் கடந்து, கோயம்புத்தூர் வழியாக நீலகிரி ஏறினார். உதகையில் பேராயர் ஸ்பென்சரிடம் குருப்பட்டம் பெற்றபின் மதுரை வழியாகத் தெற்கே சென்று, அவ்வாண்டின் இறுதியில் இடையன்குடியை அடைந்தார். மக்களின் பேச்சையும் பழக்கத்தையும் அருகிருந்து அறிய அந்நடை வாய்ப்பளித்தது. காவிரிக்கரையும் மலைநாடும் தென்பாண்டி நாடும் ஒரே பயணத்தில் அவர் கண்முன் விரிந்தன.

தேரியில் நிலைபெறுதல்

இடையன்குடிக்கு அவரை அனுப்பியது கழகமே. ஆகவே அங்குச் சென்றதை அவருடைய தனித்தேர்வு என்று கூற இயலாது. அங்கேயே நிலைத்ததுதான் அவருடைய தேர்வு. காற்றில் இடம்பெயரும் செம்மணலும் பனையும் அந்நிலத்தின் அடையாளங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பிய அப்பகுதியில் பதநீரும் கருப்பட்டியும் மக்களின் வாழ்வாதாரமாக இருந்தன. கால்டுவெல் நேரான தெருக்களை வகுத்தார், கிணறுகள் தோண்டினார், மரங்கள் நட்டார், பள்ளிகள் நிறுவினார். 1847இல் அடிக்கல் நாட்டிய கோயில் 1880இல்தான் நிறைவெய்திப் படைக்கப்பட்டது. சில ஆண்டுகளில் வேறிடம் பெயர எண்ணியவர் முப்பத்துமூன்று ஆண்டுகள் நீடிக்கும் கட்டடப் பணியை மேற்கொண்டிருக்க மாட்டார்.

1844இல் அவர் எலைசா மால்ட்டை மணந்தார். நாகர்கோவிலில் மறைப்பணி ஆற்றிய சார்லசு மால்ட்டின் மகளாகிய எலைசா, தமிழ் பேசுவோரிடையே வளர்ந்தவர். பெண்கல்வியையும் பின்னல்வேலைப் பயிற்சியையும் இடையன்குடியில் வளர்த்தவர் அவரே.

வெப்பம் கால்டுவெல்லின் உடல்நலத்தைத் தொடர்ந்து தாக்கியது. 1854இல் தாயகம் சென்று தங்கிய காலத்தில்தான் ஒப்பிலக்கணத்தின் முதற்பதிப்பு இலண்டனில் வெளியாயிற்று (1856). இரண்டாம் முறை சென்றிருந்தபோது திருத்திய பதிப்பு வந்தது (1875). இருமுறையும் அவர் இடையன்குடிக்கே திரும்பினார். நூலின் தரவு தேரியில் திரண்டது. அச்சேறும் வாய்ப்பு குளிர்நாட்டில் அமைந்தது.

வாழிடம் அளித்தவை

திராவிட மொழிகள் வடமொழியிலிருந்து பிறந்தவை அல்ல என்பதை 1816இலேயே எல்லிசு சுட்டியிருந்தார். அதனை விரிவான ஒலியியல், உருபியல் சான்றுகளால் நிறுவியவர் கால்டுவெல். செந்தமிழ் வடிவங்களோடு வழக்குத்தமிழ் வடிவங்களையும் ஒப்பீட்டுக்குரிய சான்றுகளாகக் கொண்டது அவருடைய முறையின் வலிமை. மேற்கே திருவிதாங்கூர் எல்லையும் மலையாள வழக்கும் தொலைவில் இல்லை. ஓர் ஊரின் பேச்சைப் பல்லாண்டுகள் நாள்தோறும் கேட்ட செவிக்கே இத்தகைய நுண்மை எளிதில் வாய்க்கும்.

வரலாற்றாய்விலும் இவ்வணுக்கம் பயன்பட்டது. தாமிரபரணிக் கழிமுகத்தில் கொற்கை, காயல் ஆகிய பழந்துறைமுகங்களை அவர் நேரில் ஆராய்ந்தார். ஆற்று வண்டலால் கடல் பின்வாங்கிய நிலையை அத்துறைகளின் வீழ்ச்சியோடு இணைத்து விளக்கினார். 1881இல் வெளிவந்த திருநெல்வேலி வரலாறு இத்தகைய கள அறிவின் பயனாகும்.

வாழிடத்தின் எல்லைகள்

ஓரிடத்தில் ஆழ வேரூன்றுதலுக்கு இழப்பும் உண்டு. 1849இல் பனையேறும் தொழிலைச் சார்ந்த மக்களைப் பற்றி அவர் வெளியிட்ட நூல், ஒரு வட்டாரத்தில், மறைப்பணியாளர் என்ற நிலையில் நின்று கண்டவற்றை முழுச்சமூகத்தின் இயல்பாக உரைத்தது. நாடார் சமூகத்தாரின் கடுமையான எதிர்ப்பைப் பின்னர் அது சந்தித்தது. அணுக்கம் மட்டுமே நடுநிலை ஆகாது என்பதற்கு அந்நூல் சான்று.

இலக்கியக் காலக்கணிப்பில் வெளிப்படும் எல்லை வேறு வகையானது. தமிழ் இலக்கியத்தின் தொன்மையை எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளுக்கு முன்னே கொண்டுசெல்ல அவர் தயங்கினார். பழஞ்சுவடிகளைக் காத்த மடங்களும் புலவர் மரபுகளும் தழைத்த காவிரி நாட்டை அவர் 1841இல் கடந்து வந்திருந்தார், அங்கே தங்கவில்லை. சங்கநூல்கள் அச்சேறாத காலத்தில் புலவருள்ளும் பலர் அவற்றை அறியவில்லை. எனவே இத்தயக்கத்தை வாழிடத்தின் மேல் மட்டும் ஏற்றுவது பொருந்தாது. ஆயினும் பேச்சுமொழிக்கு அருகிலும் சுவடி மரபுக்குத் தொலைவிலும் வாழ்ந்தமை, மொழியின் தொன்மையைத் துணிந்து கூறியவர் இலக்கியத்தின் தொன்மையில் பின்தங்கிய முரணை ஓரளவு விளக்குகிறது.

இறுதி ஆண்டுகள்

1877இல் கால்டுவெல் பேராயராகத் திருநிலைப்படுத்தப்பட்டார். கல்விப்பணியின் பொருட்டு 1883இல் தூத்துக்குடிக்குப் பெயர்ந்தார். முதுமையில் கோடைக்கானலின் குளிரே அவர் உடலுக்கு ஏற்றதாயிற்று. 1891 சனவரியில் பணி ஓய்வு பெற்று, ஆகத்து 28ஆம் நாள் அம்மலையூரில் மறைந்தார். உடல் மலையிலிருந்து இறக்கப்பட்டு இடையன்குடிக்குக் கொண்டுவரப்பட்டது; அவர் எழுப்பிய கோயிலின் பலிபீடத்தின்கீழ் அடக்கம் செய்யப்பட்டது.

முடிவுரை

கால்டுவெல்லுக்கு இடையன்குடி பணியிடமாக வாய்த்து, வாழிடமாகத் தேரப்பட்டு, ஆய்வுக்களமாக விரிந்தது. அவருடைய முடிவுகளுள் பேச்சுவழக்கையும் நிலத்தையும் சார்ந்தவை இன்றும் பெரிதும் நிலைபெறுகின்றன. சமூகம், இலக்கியக் காலம் ஆகியவற்றைச் சார்ந்தவை மிகுந்த திருத்தம் வேண்டி நின்றன. அவருடைய கருத்துகளை ஏற்பதற்கும் மறுப்பதற்கும் முன், ஒவ்வொன்றும் எவ்விடத்தில், எவரிடையே நின்று உருவாயிற்று என வினவுவது கால்டுவெல் ஆய்வுக்குத் தேவையான படிநிலையாகும்.