74 வருடங்கள், ஒரு தையல் மெஷின்... கணிதமேதை ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள்!

கணிதமேதை ராமானுஜன் என்றதும் ஒரு முகம் நினைவுக்கு வருமே... ஒளி வீசும் பெரிய கண்கள், கோட்டு, கொஞ்சம் களைத்த பார்வை. தபால்தலை, பாடப்புத்தகம், சிலை என எல்லாவற்றிலும் நாம் பார்க்கும் அந்த முகம் உலகத்துக்குக் கிடைக்கக் காரணமாக இருந்தவர், திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்த ஒரு பெண்மணி. அவர்தான் ராமானுஜனின் மனைவி ஜானகி அம்மாள்.

ராமானுஜன் பற்றிய சினிமாக்களில் ஜானகி பாதியில் காத்திருப்பார், கடைசியில் அழுவார். அவ்வளவுதான். ஆனால் கணவர் இறந்தபோது அவருக்கு வயசு 21. அதற்குப் பிறகு ஏறக்குறைய 74 வருடங்கள் வாழ்ந்திருக்கிறார். அந்த வாழ்க்கையைப் பற்றித்தான் நாம் அதிகம் பேசுவதே இல்லை.

பத்து வயசில் கல்யாணம்!

1899 மார்ச் 21 அன்று, அன்றைய திருச்சி ஜில்லாவில் குளித்தலைப் பக்கம் இருக்கும் ராஜேந்திரம் கிராமத்தில் பிறந்தார் ஜானகி. 1909 ஜூலை 14-ல் கல்யாணம். பெண்ணுக்கு பத்து வயசு, மாப்பிள்ளைக்கு 21. காலேஜ் பரீட்சையில் தேறாமல், வேலையும் இல்லாமல் நோட்டில் கணக்கு போட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு, அம்மா கோமளத்தம்மாள் பார்த்து முடித்த சம்பந்தம் அது.

கல்யாணம் முடிந்து சில வருடங்கள் கழித்துதான் ஜானகி சென்னைக்கு வந்தார். அப்போது ராமானுஜனுக்குத் துறைமுகக் கழகத்தில் குமாஸ்தா வேலை. மாமியாரும் கூடவே இருந்த வீடு. புருஷனும் பொண்டாட்டியும் தனியாகப் பேசிக்கொள்ளவே வாய்ப்பு கிடையாது. இப்படியே நாள்கள் ஓட, 1914 மார்ச்சில் ராமானுஜன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறிவிட்டார்.

அந்தப் பிரிவு ஐந்து வருடம் நீண்டது. இவர் எழுதிய கடிதம் அங்கே போய்ச் சேரவில்லை. அவர் எழுதியது இவர் கைக்கு வரவில்லை. நடுவில் மாமியாரே தடுத்து வைத்தார் என்பது பிறகுதான் தெரிந்தது. ஒரு கட்டத்தில் ஜானகி அண்ணன் வீட்டுக்கே போய்விட்டார். அங்கே ராமானுஜனுக்கோ, மனைவி ஏன் ஒரு வரிகூட எழுதவில்லை என்ற வருத்தம். 1919 மார்ச்சில் பம்பாய் வந்து இறங்கியதும் அம்மாவிடம் அவர் முதலில் கேட்டவற்றில் ஒன்று, ஜானகி எங்கே என்பது!

சேர்ந்து வாழ்ந்த ஒரே வருஷம்

அதற்குப் பிறகு கிடைத்தது ஒரே ஒரு வருஷம். அதுவும் நோயோடு. காசநோய் என்றுதான் அப்போது டாக்டர்கள் நினைத்தார்கள். காற்று மாறினால் தேவலை என்று கொடுமுடியில் கொஞ்ச நாள் தங்கினார்கள். ஆவணி அவிட்டத்துக்கு ராமானுஜன் காவிரிக்குக் கிளம்பியபோது, ஜானகி கூட வரவேண்டாம் என்று மாமியார் சொன்னாராம். ராமானுஜனோ, வரட்டும் என்று அழுத்தமாகச் சொல்லி அழைத்துப் போயிருக்கிறார். கேட்பதற்குச் சின்ன விஷயம்தான். ஆனால், கல்யாணமாகிப் பத்து வருஷம் கழித்து, எனக்கென்று பேச ஒருவர் இருக்கிறார் என்று அந்தப் பெண் உணர்ந்த நாள் அதுவாகத்தான் இருக்கும்.

நேரம் தவறாமல் சாதம், எலுமிச்சைச் சாறு, மோர் கொடுப்பது, வலி வந்தால் நெஞ்சுக்கும் காலுக்கும் வெந்நீர் ஒத்தடம்... எல்லாமே ஜானகிதான். படுத்தபடியே ராமானுஜன் கணக்கு போட்டுக்கொண்டிருந்தார். இறப்பதற்குச் சில நாள்கள் முன்பு வரைக்கும்! இங்கிலாந்துக்கு உன்னையும் கூட்டிப் போயிருந்தால் இந்த நோயே வந்திருக்காது என்று அவர் சொன்னதை ஜானகி கடைசிவரை மறக்கவில்லை. 1920 ஏப்ரல் 26 அன்று, சேத்துப்பட்டு வீட்டில் ராமானுஜன் காலமானார். வெந்நீர் போட்ட அந்த இரண்டு பாத்திரங்களையும் ஜானகி வயதான காலம்வரை பத்திரமாக வைத்திருந்தார்.

தைத்துக் கொடுத்து சாப்பிட்டார்

குழந்தை இல்லை. படிப்பும் பெரிதாக இல்லை. இளம் விதவையை வீட்டு மூலையில் உட்கார வைத்த காலம் அது. ஜானகி மூலையில் உட்காரவில்லை. பம்பாயில் அண்ணன் வீட்டில் இருந்தபடி தையல் கற்றுக்கொண்டார். கொஞ்சம் இங்கிலீஷும்தான். 1931-ல் சென்னை திரும்பி, திருவல்லிக்கேணியில் குடியேறினார். சென்னைப் பல்கலைக்கழகம் கொடுத்த சிறிய பென்ஷனும் தையல் மெஷினும்தான் வருமானம். அந்த வருமானத்தில் ஏழைப் பிள்ளைகள் சிலரின் படிப்புக்கும் உதவியிருக்கிறார். தனக்கு வரும் உதவித்தொகையில் மிஞ்சுவதை ஏழை மாணவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி 1919-லேயே பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதியவர் ராமானுஜன். புருஷன் ஆசைப்பட்டதை மனைவி தைத்துச் சம்பாதித்த காசில் செய்துகாட்டினார்.

1936-ல் ஒருவர் அவரைத் தேடிவந்தார். பின்னாளில் நோபல் பரிசு வாங்கிய எஸ்.சந்திரசேகர்தான் அவர். ராமானுஜனின் நல்ல புகைப்படம் ஒன்று வேண்டும் என்று கேம்பிரிட்ஜில் ஹார்டி கேட்டிருந்தார். ஜானகி தன்னிடமிருந்த 1919-ம் வருட பாஸ்போர்ட் படத்தை எடுத்துக் கொடுத்தார். ஹார்டியின் புத்தகத்தில் அது அச்சானது. இன்று உலகமே பார்க்கும் முகம் அதுதான்.

அம்மா ஆனார் ஜானகி

1950-ல் ஜானகியின் தோழி ஒருவர் திடீரென்று இறந்துபோக, அவருடைய சின்னப் பையனைத் தன் மகனாக வளர்க்க ஆரம்பித்தார். ஜானகிக்கு அப்போது 51 வயசு. தாலாட்டு பாடும் வயசில் கிடைக்காத பிள்ளை, பேரன் எடுக்கும் வயசில் கிடைத்தான். படிக்க வைத்தார், பையன் ஸ்டேட் பேங்கில் அதிகாரி ஆனார், கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகளும் வந்தார்கள். அம்மாவுக்குத் தள்ளாமை வந்தபோது, அந்த மகன் விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டார். இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேணும்?

பிற்காலத்தில் துறைமுகக் கழகம், மாநில அரசுகள் என்று பல இடங்களிலிருந்து பென்ஷன் வந்தது. ஆனால் ஜானகிக்கு ஒரு குறை இருந்துகொண்டே இருந்தது. கணவருக்குச் சிலை வைப்பதாகச் சொன்னார்களே, எங்கே அது? பேட்டி ஒன்றில் அவர் இதைக் கேட்டது அமெரிக்கக் கணித அறிஞர் ரிச்சர்ட் ஆஸ்கியின் காதுக்கு எட்டியது. அவர் உலகமெங்கும் உள்ள கணிதக்காரர்களிடம் பணம் திரட்ட, பால் கிரான்லண்ட் என்ற சிற்பி வெண்கல மார்பளவுச் சிலை செய்தார். அதற்கும் மாதிரி அதே பாஸ்போர்ட் படம்தான். ஒரு சிலை ஜானகியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தது.

படுக்கையில் ராமானுஜன் எழுதிய தாள்களும் வீண்போகவில்லை. 1976-ல் கேம்பிரிட்ஜ் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் அவற்றை ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்தார். 1987-ல், ராமானுஜன் நூற்றாண்டில் அவை புத்தகமாக வந்தபோது, பிரதமர் ராஜீவ் காந்தியிடமிருந்து முதல் பிரதியைப் பெற்றுக்கொண்டவர் ஜானகி அம்மாள். பக்கத்தில் உட்கார்ந்து ஒத்தடம் கொடுத்த கை, 67 வருஷம் கழித்து அந்தப் பக்கங்களை வாங்கியது.

1994 ஏப்ரல் 13 அன்று, 95 வயசில், திருவல்லிக்கேணி வீட்டில் ஜானகி அம்மாள் காலமானார்.

ஒவ்வொரு டிசம்பர் 22-ம் தேதியும் தேசிய கணித தினம் கொண்டாடுகிறோம். ராமானுஜனின் கணக்குகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது, அந்த முகத்தைப் பத்திரமாக வைத்திருந்து நமக்குக் கொடுத்தவரைப் பற்றியும் நாலு வார்த்தை சொல்லுங்களேன்!