சிக் யங்

சிக் யங் (சனவரி 9, 1901 – மார்ச் 14, 1973) ஓர் அமெரிக்கச் சித்திரக்கதை ஓவியர். இவரது இயற்பெயர் முராட் பெர்னார்ட் யங் என்பதாகும். 1930 ஆம் ஆண்டில் இவர் தொடங்கிய "பிளாண்டி" என்னும் செய்தித்தாள் சித்திரக்கதை உலகப் புகழ் பெற்றது. இக்கதையைத் தழுவிக் கொலம்பியா பிக்சர்ஸ் நிறுவனம் 1938 இல் அதே பெயருடைய குடும்ப நகைச்சுவைத் திரைப்படத்தை வெளியிட்டது.

இளமை

யங் சிகாகோ நகரில் பிறந்து, மிசூரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸ் நகரில் வளர்ந்தார். இவரது தாயார் ஓவியம் தீட்டுபவர். அண்ணன் லைமன் யங்கும் பின்னாளில் சித்திரக்கதை ஓவியராகப் பெயர் பெற்றவரே. சிக் யங் சிகாகோவில் சுருக்கெழுத்தாளராகப் பணிபுரிந்துகொண்டே இரவு வகுப்புகளில் ஓவியம் பயின்றார். 1921 இல் முதற் சித்திரக்கதையை வரையத் தொடங்கினார். அதுவும் அதனை அடுத்து வந்ததும் நீடிக்கவில்லை. 1924 இல் கிங் பீச்சர்ஸ் நிறுவனத்துக்காகத் தொடங்கிய "டம் டோரா" ஓரளவு வெற்றி பெற்றது. இவை யாவும் அழகிய இளம்பெண்களைச் சுற்றி அமைந்த நகைச்சுவைக் கதைகள். 1927 இல் யாழிசைக் கலைஞரான ஏத்தெல் லிண்டார்ஃப் என்பவரை மணந்தார்.

பிளாண்டியின் தொடக்கம்

செப்டம்பர் 8, 1930 இல் பிளாண்டி வெளிவரத் தொடங்கியது. தொடக்கத்தில் இதுவும் முந்தையவற்றைப் போன்றதே. பிளாண்டி கவலையற்றுத் திரியும் நவநாகரிகப் பெண். அவளை விரும்பும் டாக்வுட் பம்ஸ்டெட், பெருஞ்செல்வரான இருப்புப்பாதை நிறுவன அதிபர் ஒருவரின் மகன். ஆனால் அக்காலம் அமெரிக்காவில் பெரும் பொருளாதார வீழ்ச்சி நிலவிய காலம். வேலையிழந்து நின்ற வாசகர்களுக்குச் செல்வர் வீட்டுக் கேளிக்கைகளில் நாட்டம் குறைந்தது. கதை கைவிடப்படும் நிலையை நெருங்கியது.

இந்நிலையில் யங் எடுத்த முடிவே அவரது வாழ்வின் திருப்பம் எனலாம். திருமணத்துக்குப் பெற்றோர் இசைய வேண்டுமென்று டாக்வுட் 28 நாட்கள் உண்ணாநோன்பு இருப்பதாகக் கதையை அமைத்தார். வாசகர்கள் நாள்தோறும் ஆவலுடன் பின்தொடர்ந்தனர். பெப்ரவரி 17, 1933 இல் திருமணம் நடந்தது; சொத்துரிமை முழுவதையும் டாக்வுட் இழந்தான். அன்று முதல் அவன் காலையில் பேருந்தைப் பிடிக்க ஓடும், முதலாளி டிதர்சிடம் திட்டு வாங்கும் சாதாரண அலுவலக ஊழியன் ஆனான். பிளாண்டியோ வீட்டின் உண்மையான நிருவாகி ஆனாள். நாயகனை ஏழையாக்கியதால் கதை செழித்தது என்பது விந்தையே. ஏப்ரல் 1934 இல் இவர்களுக்கு ஓர் ஆண்குழந்தை பிறந்தது. டாக்வுட் நள்ளிரவில் அடுக்கும் உயரமான சான்ட்விச்சுக்கு அவன் பெயரே நிலைத்து, ஆங்கில அகராதிகளிலும் இடம்பெற்றது. பின்னர் பிளாஷ் கார்டனைப் படைத்த அலெக்ஸ் ரேமண்ட் இக்காலத்தில் யங்கின் உதவியாளராக இருந்தார் என்பது குறிப்பிடத்தக்கது.

மகனின் இறப்பு

1937 இல் யங் தம்பதியரின் மூத்த மகன் வெய்ன் சிறுவயதிலேயே இறந்தான். சித்திரக்கதையிலும் ஒரு சிறுவன் வளர்ந்துகொண்டிருந்தான். அவனது குறும்புகளை வரைவதே யங்கின் அன்றாடத் தொழில். அவர் வரைவதை நிறுத்திவிட்டு மனைவியுடன் ஐரோப்பாவுக்குச் சென்றார். ஏறத்தாழ ஓராண்டுக்குப் பின்னரே பணிக்குத் திரும்பினார். 1938 இல் மகன் டீன் பிறந்தான். திரைப்படம் வெளிவந்ததும் அவ்வாண்டிலேயே.

திரைப்படம்

பிராங்க் ஸ்ட்ரேயர் இயக்கிய "பிளாண்டி" திரைப்படம் நவம்பர் 30, 1938 இல் வெளியானது. சர்லி டீன் என்பவருக்குப் பதிலாகப் பின்னர் தேர்வான பென்னி சிங்கிள்டன், தம் கருங்கூந்தலைப் பொன்னிறமாக்கிக்கொண்டு பிளாண்டியாக நடித்தார். ஆர்தர் லேக் டாக்வுட்டாகவும் லேரி சிம்ஸ் குழந்தையாகவும் நடித்தனர்.

நாளுக்கொரு சிரிப்பாகச் செல்லும் சித்திரக்கதையை ஒரே கதையாக நீட்டுவது எளிதன்று. திரைக்கதையாசிரியர் ரிச்சர்ட் புளூர்னாய் பணக்கவலையையே கருவாகக் கொண்டார். ஐந்தாம் திருமண ஆண்டு விழாவுக்காகப் பிளாண்டி புதிய வீட்டுப் பொருட்களை வாங்குகிறாள். டாக்வுட்டோ வேறொருவரின் கடனுக்குப் பிணைக் கையெழுத்திட்டுச் சிக்கலில் மாட்டியிருக்கிறான். வேலையைக் காப்பாற்ற அவன் ஒரு செல்வரைச் சந்தித்தாக வேண்டும். விடுதியில் தூசு உறிஞ்சும் இயந்திரம் ஒன்றைத் தன்னுடன் சேர்ந்து பழுதுபார்ப்பவரே அவர் என்பதை அறியாமல் அவருடன் பொழுதைக் கழிக்கிறான். கணவன் வராததைக் கண்டு மனைவி ஐயுறுகிறாள். ஓடிவந்து தபால்காரரை மோதிக் கவிழ்க்கும் சித்திரக்கதைக் காட்சியும் படத்தில் அப்படியே இடம்பெற்றது. கோமாளித்தனத்துக்கு அடியில் கடனும் வேலையிழப்பும் மெய்யான அச்சங்களாக இருப்பதே இப்படத்தின் வலிமை.

குறைந்த செலவில் எடுக்கப்பட்ட இப்படத்தின் வெற்றியைத் தொடர்ந்து 1950 வரை மொத்தம் 28 படங்கள் வெளிவந்தன. 1943 இல் தொடர் நிறுத்தப்பட்டபோதும் 1945 இல் மீண்டும் தொடங்கப்பட்டது. சிறுவன் சிம்ஸ் இப்படங்களினூடே இளைஞனாக வளர்ந்தான். 1939 இல் தொடங்கிய வானொலித் தொடரிலும் சிங்கிள்டனும் லேக்கும் நடித்தனர். 1957 இலும் 1968 இலும் வந்த தொலைக்காட்சித் தொடர்கள் நீடிக்கவில்லை.

பிற்காலம்

1941 இல் கதையில் பிறந்த பெண்குழந்தைக்குப் பெயர் சூட்ட வாசகர்களிடம் போட்டி நடத்தப்பட்டது. இலட்சக்கணக்கான பெயர்கள் வந்து குவிந்தன, "குக்கி" தேர்வானது. உணவு, உறக்கம், பிள்ளை வளர்ப்பு, பணம் ஈட்டல் ஆகிய நான்கைச் சுற்றியே யங் கதைகளை அமைத்தார், அரசியலைத் தவிர்த்தார். 1948 ஆம் ஆண்டின் சிறந்த ஓவியருக்கான அமெரிக்கத் தேசியக் கேலிச்சித்திரக்காரர் சங்க விருது இவருக்குக் கிடைத்தது. பிற்காலத்தில் அலெக்ஸ் ரேமண்டின் தம்பி ஜிம் ரேமண்டின் கைவண்ணமே சித்திரங்களில் மிகுதியாக இருந்தது.

மார்ச் 14, 1973 இல் யங் புளோரிடா மாநிலத்தின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் காலமானார். துயரத்துக்குப் பின் பிறந்த மகன் டீன் யங், ஜிம் ரேமண்டுடன் சேர்ந்து கதையைத் தொடர்ந்தார். 1991 இல் பிளாண்டி விருந்துச் சமையல் தொழில் தொடங்கி, தானும் சம்பாதிப்பவள் ஆனாள். 1995 இல் அமெரிக்க அஞ்சல் துறை வெளியிட்ட சித்திரக்கதை அஞ்சல்தலைகளுள் பிளாண்டிக்கும் ஒன்று அமைந்தது.