உயர் நீதிமன்றம் கட்டிய நம்பெருமாள் செட்டியார்

குழந்தைகளே! செய்தித்தாளின் உள்பக்கங்களில் பொடி எழுத்தில், கட்டம் கட்டி, ஒப்பந்தப்புள்ளி அறிவிப்பு என்று ஒன்று வருமே, பார்த்திருக்கிறீர்களா? டெண்டர் என்று பெரியவர்கள் சொல்வது அதைத்தான். பள்ளிக்கூடம், பாலம், சாலை, நம் தூத்துக்குடித் துறைமுகத்தில் ஒரு கப்பல் தளம் என்று எதைக் கட்டுவதானாலும் அரசு முதலில் அறிவிப்பு கொடுக்கும். பிறகு ஓர் ஒப்பந்தக்காரர் அந்த வேலையை எடுத்துச் செய்வார். அப்படி அரசு வேலைகளை எடுத்துச் செய்தே பெரும் புகழ் பெற்ற ஒருவரைப் பற்றி இந்த வாரம் தெரிந்து கொள்வோம்.

அவர் பெயர் தாட்டிகொண்ட நம்பெருமாள் செட்டியார். 1856ம் ஆண்டு பிறந்தவர். சென்னையில் கட்டட ஒப்பந்தத் தொழில் செய்தார். அது வெள்ளையர் ஆட்சிக் காலம். நீதிமன்றம், நூலகம், அருங்காட்சியகம் என்று சென்னையில் பெரிய பெரிய செங்கல் கட்டடங்கள் எழும்பிக் கொண்டிருந்தன. வரைபடம் போட்ட கட்டடக் கலைஞர்கள் ஆங்கிலேயர்கள். அந்த வரைபடத்தை மண்ணில் நிஜமாக்கிக் காட்டியவர்களில் முதன்மையானவர் நம்பெருமாள் செட்டியார்.

அரசு வேலையைப் பெறுவது எப்படி? நம் முத்துக்குளிப்புக் கடற்கரையில் அந்தக் காலத்தில் எடுத்த சிப்பிகளை மூன்று பங்காகப் பிரிப்பார்கள். ஒரு பங்கு குளித்தவர்களுக்கு. இரண்டு பங்கு அரசுக்கு. அரசு தன் பங்கை ஏலம் விடும். அதிக விலை கேட்டவருக்கே சிப்பி கிடைக்கும். டெண்டர் இதற்கு நேர் எதிர். அரசு இங்கே விற்கவில்லை, வேலை வாங்குகிறது. ஆகவே குறைந்த தொகை கேட்பவருக்கு வேலை போகும்.

அப்படியானால் மிகமிகக் குறைத்துக் கேட்டால் போதுமா? அங்கேதான் ஆபத்து. செங்கல், சுண்ணாம்பு, மரம், கூலி எல்லாவற்றையும் கணக்குப் போடாமல் குறைத்துக் கேட்டவர், பாதி வேலையில் பணமின்றித் திண்டாடுவார். அல்லது மட்டமான பொருளைப் போட்டுச் சமாளிப்பார். அதனால்தான் அரசுப் பொறியாளர்கள் முன்கூட்டியே மதிப்பீடு தயாரிக்கிறார்கள். வேலை கேட்பவரிடம் முன்வைப்புத் தொகை வாங்குகிறார்கள். வேலை நடக்க நடக்க அளந்து, அளவுப் புத்தகத்தில் குறித்து, அதன்படியே பணம் தருகிறார்கள். ஒப்பந்தக்காரரோ, அந்தப் பணம் கைக்கு வரும்வரை தன் கையிலிருந்து கூலி கொடுக்க வேண்டும். எனவே இந்தத் தொழிலுக்குக் கணக்கும் வேண்டும், பொறுமையும் வேண்டும், நாணயமும் வேண்டும்.

செட்டியாரின் பெயர் சொல்லும் மிகப் பெரிய வேலை சென்னை உயர் நீதிமன்றம். 1888ம் ஆண்டு தொடங்கிய வேலை 1892ல் முடிந்தது. பிராசிங்டன் என்பவர் வரைபடத்தைத் தொடங்கினார். ஹென்றி இர்வின் அதை நிறைவு செய்தார். இரும்பு உத்திரங்களும் சில அலங்கார ஓடுகளும் தவிர, ஏறக்குறைய எல்லாப் பொருள்களும் நம் நாட்டிலேயே கிடைத்தவை. முதலில் போட்ட மதிப்பீடு 9 லட்சத்து 45 ஆயிரம் ரூபாய். முடியும்போது ஏறத்தாழ 13 லட்சம் ஆகிவிட்டது! மதிப்பீட்டை மிஞ்சிச் செலவு போவது அன்றைக்கும் இருந்திருக்கிறது, பாருங்கள்.

அந்தக் கட்டடத்தின் உயரமான கோபுரத்தில் 1894 முதல் 1977 வரை கலங்கரை விளக்கம் எரிந்தது. 1914 செப்டம்பர் 22ம் தேதி இரவு, எம்டன் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் சென்னை மீது குண்டு வீசியது. நீதிமன்றச் சுற்றுச்சுவரின் ஒரு பகுதி சேதமானது, கட்டடம் அசையவில்லை. நம் ஊர்க் கப்பலோட்டிய தமிழர் வ.உ.சிதம்பரனாருக்கு 1908ல் கொடுந்தண்டனை விதிக்கப்பட்டதல்லவா? மேல்முறையீட்டில் அதைக் குறைத்ததும் இந்த உயர் நீதிமன்றம்தான்.

ஒரு வேலையை நன்றாக முடித்தால் அடுத்த வேலை தேடி வரும். 1896ல் திறக்கப்பட்ட கன்னிமாரா நூலகம், 1897ல் எழுந்த மெட்ராஸ் வங்கிக் கட்டடம், எழும்பூரில் 1909ல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபம் ஆகியவையும் செட்டியார் கட்டியவையே. நினைவு மண்டபத்துக்குச் சத்தியவேட்டிலிருந்து இளஞ்சிவப்புக் கல் வந்தது. உயர் நீதிமன்றத்துக்கும் நினைவு மண்டபத்துக்கும் இடையே பல ஆண்டுகள் கடந்தும், வரைபடம் அதே இர்வின். கட்டியவர் அதே செட்டியார். நம்பிக்கை என்பது இதுதான். மெட்ராஸ் வங்கி 1921ல் வேறு இரண்டு வங்கிகளுடன் சேர்ந்து இம்பீரியல் வங்கியானது. அதன் இயக்குநர்களில் ஒருவராகவும் செட்டியார் அமர்ந்தார். இன்றைய பாரத ஸ்டேட் வங்கி அதுதான்.

செட்டியாருக்குச் சேத்துப்பட்டில் ஏராளமான வீடுகள் இருந்தன. சேத்துப்பட்டு என்ற பெயரே செட்டியாரால் வந்தது என்று சொல்பவர்களும் உண்டு. கணித மேதை ராமானுஜன் இங்கிலாந்திலிருந்து நோயாளியாகத் திரும்பியபோது, அவர் தங்குவதற்குத் தம் வீட்டைக் கொடுத்தவர் நம்பெருமாள் செட்டியார். படுக்கையில் கிடந்தபடியே ராமானுஜன் அங்கே கணக்குகளை எழுதிக் கொண்டிருந்தார். 1920 ஏப்ரல் 26ம் தேதி ராமானுஜனின் உயிர் பிரிந்ததும் சேத்துப்பட்டில்தான். செங்கல்லை எண்ணிக் கணக்குப் பார்த்தவர், ஓர் ஏழை மேதைக்கு இடம் கொடுக்கக் கணக்குப் பார்க்கவில்லை!

1925ம் ஆண்டு நம்பெருமாள் செட்டியார் மறைந்தார்.

இப்போது தமிழ்நாட்டில் டெண்டர்களுக்கென்றே தனிச் சட்டம் இருக்கிறது. 1998ல் இயற்றப்பட்ட ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் அது. யார் எவ்வளவு கேட்டார்கள், வேலை யாருக்குப் போனது என்பதில் ஒளிவுமறைவு இருக்கக் கூடாது என்பதே அதன் நோக்கம். ஏனென்றால், அந்தப் பணம் நம் எல்லாருடைய வரிப்பணம். தீப்பெட்டி வாங்கும்போதுகூட நம் வீட்டிலிருந்து சில காசுகள் வரியாகப் போகின்றன.

சட்டம் கண்காணிக்கலாம், ஆனால் சுவருக்குள் மறைந்து போகிற செங்கல்லைப் பூசிய பிறகு யாரும் பார்க்க முடியாது. அதையும் நல்ல செங்கல்லாக வைப்பவரே நல்ல ஒப்பந்தக்காரர். சென்னைக்குப் போனால் அந்தச் செந்நிறக் கோபுரங்களை அண்ணாந்து பாருங்கள், செல்லங்களே. நூற்று முப்பது ஆண்டுகளைக் கடந்தும் நிற்கின்றன!