தொண்டில் மலர்ந்த வாழ்வு: ஐடா ஸ்கடர் அம்மையார்

பிறர் துயர் கண்டு வருந்துவோர் பலர். அதைத் துடைக்கத் தம் வாழ்வையே ஒப்படைப்போர் சிலர். அச்சிலருள் ஒருவர் டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மையார்.

1870-ஆம் ஆண்டு டிசம்பர் 9-ஆம் நாள் இராணிப்பேட்டையில் அவர் பிறந்தார். பாட்டனாரும் தந்தையாரும் அமெரிக்க மிஷனரி மருத்துவர்கள். ஆயினும் இந்நாட்டில் தங்கும் எண்ணம் ஐடாவுக்கு இல்லை. அமெரிக்காவில் பயின்ற அவர், நோயுற்ற தாயாருக்குத் துணையாகத் திண்டிவனம் வந்தார். அங்கே ஓர் இரவில் மூவர் அடுத்தடுத்து வந்து, பேறுகால வேதனையில் துடிக்கும் தம் மனைவியரைக் காக்குமாறு வேண்டினர். ஐடாவோ மருத்துவம் அறியாதவர். அவருடைய தந்தையார் வந்து பார்ப்பதற்கு அம்மூவரும் இசையவில்லை. ஆடவர் பெண்ணைத் தொடுவது வழக்கத்திற்கு மாறானது என்றனர். பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் உயிருடன் இல்லை. அவ்விரவே அவர் வாழ்வின் திருப்பமாயிற்று.

1899-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் மருத்துவப் பட்டம் பெற்றார். மறு ஆண்டே வேலூரில் ஒரே ஒரு படுக்கையுடன் பணி தொடங்கினார். 1902-இல் 40 படுக்கைகள் கொண்ட மேரி டேபர் ஷெல் மருத்துவமனை எழுந்தது.

ஆனால், ஒரு மருத்துவர் ஒரே இரவில் மூன்று வீடுகளில் இருக்க இயலுமா? அறுவை முடிந்தபின் இரவெல்லாம் கண்விழித்து, கட்டு மாற்றி, கஞ்சி ஊட்டக் கைகள் வேண்டாவா? புண்ணைத் துடைப்பதும் மலத்தை அகற்றுவதும் இழிதொழில் என்று ஊர் எண்ணிய காலம் அது. அக்காலத்தில்தான், 1909-இல், அவர் செவிலியர் பயிற்சியைத் தொடங்கினார். நம் நாட்டுப் பெண்களே நம் நாட்டு நோயாளரைக் காக்கும் வழி பிறந்தது. 1918-இல் பெண்களுக்கென மருத்துவப் பள்ளியும் வந்தது. செவிலியர் பள்ளி 1946-இல் பட்டம் வழங்கும் கல்லூரியாக உயர்ந்தது.

மருத்துவமனைக்கு வர இயலாத ஏழைகளைத் தேடி, குடியாத்தம் சாலையோர மரநிழல்களில் அவர் மருத்துவம் பார்த்தார். ஊர் ஒதுக்கிய தொழுநோயாளரும் அந்நிழலில் இடம் பெற்றனர். அவர்களுடைய முடங்கிய விரல்களை நிமிர்த்தும் அறுவை மருத்துவத்தை 1948-இல் டாக்டர் பால் பிராண்ட் வேலூரில் தொடங்கியபோது, அம்மையார் உயிருடன் இருந்தார்.

1960-ஆம் ஆண்டு மே 24-ஆம் நாள் கொடைக்கானலில் அவர் மறைந்தார். 1966-இல் உடல் ஊனமுற்றோருக்கான மறுவாழ்வு நிலையம் வேலூரில் எழுந்தது. அதனை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸ், அங்கேயே மருத்துவம் பயின்று, விபத்தொன்றில் கால்கள் செயலிழந்து, சக்கர நாற்காலியில் அமர்ந்தே பணி புரிந்தவர்.

தாம் ஒருவரே எல்லாம் செய்துவிட முடியும் என்று ஐடா எண்ணவில்லை. தம்மைப் போல் பலரை உருவாக்கினார். கற்ற கல்வியைப் பிறர் கைக்கும் கொடுத்துச் செல்வதே தொண்டு. பட்டம் பெற்றுப் புறப்படும் நாம் நெஞ்சில் நிறுத்த வேண்டிய பாடம் அதுவே.